அடிபட்டவரை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

(மறைமலை நகரில் தொழிலாளர்களும் மாணவர்களும் குடியிருப்போரும் கூடிய அவையில் அவசர சிகிச்சை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி வாழ்கிற உங்களுக்கு விபத்து என்றால் என்னவென்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பெருங்களத்தூர் தாண்டியதும் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் என்று செங்கல்பட்டு வரை சாலையும் தண்டவாளமும் கூடவே போகின்றன. ஷிப்டுக்கு ஓடுகிற பைக், கல்லூரிப் பேருந்து, தெற்கேயிருந்து விடியற்காலையில் கிளாம்பாக்கம் வந்து சேரும் பஸ்கள், சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரகடம் பக்கம் திரும்பும் கன்டெய்னர் லாரி எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சாலைதான். இதைக் கடந்துதான் பலர் ரயிலைப் பிடிக்கிறார்கள்.

2022ஆம் ஆண்டு இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். இவர்கள் எல்லோரையும் காப்பாற்றியிருக்க முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். மோதிய இடத்திலேயே மூளையோ பெரிய ரத்தக் குழாயோ சிதைந்துபோனவருக்கு எந்த மருத்துவமும் உதவாது. ஆனால் ரத்தம் வடிந்து இறந்தவர்கள், நாக்கும் வாந்தியும் அடைத்து மூச்சு நின்றவர்கள், தூக்கிப்போட்ட விதத்தில் கழுத்தெலும்பு நகர்ந்தவர்கள் என்று ஒரு கூட்டம் இதில் இருக்கிறது. அவர்களுக்காகத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. அடிபட்டவரைப் பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. பார்க்கக் கோரமாக இருப்பதிலிருந்து தொடங்கினால் ஆள் போய்விடுவார். எது அவரைச் சீக்கிரம் கொல்லுமோ அதிலிருந்து தொடங்க வேண்டும். இது மருத்துவமனைக்குள் இருக்கிற எங்களுக்கு மட்டும் ஆன பாடமில்லை. ஆம்புலன்ஸ் வருகிற வரை அவர் பக்கத்தில் நிற்கப்போவது நீங்கள்தான்: டீக்கடைக்காரர், ஷேர் ஆட்டோ ஓட்டுநர், ஷிப்டு முடித்து வருகிற தொழிலாளி, பஸ்ஸுக்கு நிற்கிற கல்லூரிப் பிள்ளை.

ஒரு விடியற்காலையில் நான் பணியிலிருந்த அவசரப் பிரிவுக்கு இரண்டு பேரை ஒன்றாகக் கொண்டுவந்தார்கள். ஆட்களை ஏற்றிவந்த வேன், நின்றிருந்த லாரியின் பின்னால் மோதியிருந்தது. ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. அவர் போட்ட சத்தத்துக்கு எல்லோரும் அவரைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். கூட வந்த இளைஞர் வயிற்றை லேசாகப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல சார், அண்ணனைப் பாருங்க" என்றார். அவர் கையைத் தொட்டால் சில்லிட்டிருந்தது. மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. கொட்டாவி விட்டார், தண்ணீர் கேட்டார். நாடி நிமிடத்துக்கு 130க்கு மேல். ரத்த அழுத்தமோ குறையவே இல்லை. வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தபோது உள்ளே ரத்தம் தேங்கியிருந்தது. மண்ணீரல் கிழிந்திருந்தது. அறுவை அரங்குக்கு முதலில் போனவர் அவர்தான். கால் உடைந்தவர் அடுத்துப் போனார். இருவரும் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

கத்துகிறவருக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, நெஞ்சில் காற்று இருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது என்று அர்த்தம். சும்மா கிடப்பவரையும், இருந்தாற்போல் சும்மாகிப் போனவரையும் முதலில் பாருங்கள். பத்துப் பேர் அடிபட்ட இடத்தில் முதலில் யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இந்த வரிசை உலகம் முழுக்க ஒரே மாதிரி சொல்லித்தரப்படுவதற்குப் பின்னால் ஒரு மனிதரின் துயரம் இருக்கிறது. 1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் தன் குடும்பத்தோடு சிறிய விமானத்தை ஓட்டி வந்தபோது நெப்ராஸ்கா மாநிலத்தில் வயல்வெளியில் விழுந்தார். மனைவி அங்கேயே இறந்தார். நான்கு பிள்ளைகளில் மூவருக்குப் பலத்த அடி. அடிபட்ட நிலையிலேயே சாலைக்கு வந்து ஒரு காரை நிறுத்திப் பிள்ளைகளைப் பக்கத்து ஊர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். கதவு பூட்டிக் கிடந்தது. திறந்து வந்தவர்களுக்கும் அடிபட்டவரை எப்படிக் கையாள்வது என்று தெரியவில்லை. பிழைத்து வந்த ஸ்டைனர் அந்தச் சிற்றூர் மருத்துவமனையைக் குறைசொல்வதோடு நிற்கவில்லை. சக மருத்துவர்களோடு உட்கார்ந்து ஒரு பாடத்திட்டம் எழுதினார். 1978இல் முதல் வகுப்பு நடந்தது. இன்று ஏ.டி.எல்.எஸ். என்ற பெயரில் எங்கள் இளம் மருத்துவர்களும் படிப்பது அந்தப் பாடத்தின் வளர்ச்சிதான். முதலில் மூச்சுப்பாதை, பிறகு மூச்சு, பிறகு ரத்த ஓட்டம், பிறகு நினைவு, கடைசியில் உடையை நீக்கி உடல் முழுவதும். ஒன்றைச் சரிசெய்யாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது.

பின்னாளில் போர்க்களங்களில் கற்றது இந்த வரிசைக்கு முன்னால் இன்னொன்றைச் சேர்த்தது. கையிலோ காலிலோ ரத்தம் பீய்ச்சி அடித்தால் மூச்சுப்பாதையைக்கூடப் பிறகு பார்க்கலாம், முதலில் அதை நிறுத்து என்பதுதான் அது. தொடையின் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் ஆள் வெளுத்துவிடுவார்.

நிறுத்துவது எப்படி? தோளில் கிடக்கும் துண்டு போதும், துப்பட்டா போதும். மடித்துக் காயத்தின் வாயிலேயே வைத்து, உள்ளங்கையால், முழங்கையை மடக்காமல், உடம்பின் எடையைப் போட்டு அழுத்துங்கள். ஆழமான காயமென்றால் துணியை உள்ளே திணித்து அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். எடுக்கும்போது உறைந்த ரத்தமும் கூடவே வந்துவிடும். நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்துங்கள். அப்படியும் நிற்காமல் பாய்ந்தால், காயத்துக்கு நான்கு விரற்கடை மேலே, மூட்டின் மேல் படாமல், அகலமாக மடித்த துணியைச் சுற்றிக் கட்டி, முடிச்சில் ஒரு குச்சியையோ ஸ்பானரையோ வைத்து ரத்தம் நிற்கிற வரை முறுக்குங்கள். கயிறு, ஒயர் வேண்டாம், அவை சதையை அறுக்கும். கட்டிய நேரத்தைப் பேனாவால் அவர் கையில் எழுதுங்கள். இடையில் தளர்த்தக் கூடாது. உடலில் கம்பியோ கண்ணாடியோ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். அதுவே அடைப்பாக இருந்து ரத்தத்தைப் பிடித்து வைத்திருக்கலாம். சுற்றிலும் துணியை அண்டக்கொடுத்து அப்படியே அனுப்புங்கள்.

அடுத்தது மூச்சுப்பாதை. நினைவில்லாமல் மல்லாந்து கிடப்பவரிடமிருந்து குறட்டை வந்தால் நாக்கு பின்னால் விழுந்து அடைக்கிறது. களகளவென்று ஒலித்தால் ரத்தமோ வாந்தியோ இருக்கிறது. தலையைப் பின்னால் சாய்க்க வேண்டாம், கழுத்தில் அடி இருக்கலாம். அவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் காதுக்குக் கீழே தாடையின் மூலையைப் பிடித்து முன்னால் தள்ளுங்கள். வாந்தி எடுத்தால் தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒருக்களித்துத் திருப்புங்கள். தண்ணீரும் சோடாவும் கொடுப்பது நம் ஊரின் ஈரமான பழக்கம், அந்த மனசை மதிக்கிறேன். ஆனால் அடிபட்டவருக்கு அது நுரையீரலுக்குள் போகலாம். அறுவை அரங்கில் மயக்க மருந்து கொடுக்கும்போதும் ஆபத்து. உதட்டை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நெஞ்சில் அடிபட்டவர் மூச்சு வாங்கினால் எங்களுக்குப் பயமாக இருப்பது ஒரு காரணத்தால். உடைந்த விலா நுரையீரலைக் குத்தினால் ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் கசியும். சைக்கிள் டியூபின் வால்வு மாதிரி உள்ளே போகும், வெளியே வராது. அழுத்தம் ஏற ஏற நுரையீரல் சுருங்கி, இதயத்துக்கு ரத்தம் திரும்ப முடியாமல் போகும். எக்ஸ்ரே எடுக்கக் காத்திருந்தால் எடுத்து முடிப்பதற்குள் ஆள் போய்விடலாம். மார்பின் ஒரு பக்கம் அசையாமல், அந்தப் பக்கத்தில் மூச்சு ஒலி கேட்காமல், ரத்த அழுத்தம் விழுந்திருந்தால் விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியைச் செலுத்திக் காற்றை வெளியேற்றிவிடுவோம். குழாய் போடுவது அதற்குப் பிறகு. இதைச் செய்கிற கைகள் இருக்கும் இடத்துக்கு அவரை எவ்வளவு சீக்கிரம் அனுப்புகிறோம் என்பதில்தான் உங்கள் பங்கு இருக்கிறது.

ரத்த ஓட்டத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், ஏனென்றால் பி.பி. நார்மல் என்ற ஒரு சொல்லில் பல குடும்பங்கள் ஏமாந்திருக்கின்றன. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. அதில் ஒன்றரை லிட்டர் போகிற வரை கூட ரத்த அழுத்தம் விழாமல் இருக்கலாம். உடல் தோலுக்கும் குடலுக்கும் போகிற ரத்தத்தைக் குறைத்து, இதயத்தை வேகமாக ஓட்டி, மூளைக்குப் போவதைக் காப்பாற்றும். அதனால்தான் கை சில்லிடுகிறது, வியர்க்கிறது, தாகமெடுக்கிறது, நாடி ஓடுகிறது, பேச்சில் படபடப்பு வருகிறது. அழுத்தம் விழுந்த பிறகு கண்டுபிடிப்பது தாமதமான கண்டுபிடிப்பு. முதியவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். பி.பி. மாத்திரைகளில் சில நாடியை ஓட விடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சின்ன அடியும் பெரிதாகலாம்.

உயிர் போகிற அளவு ரத்தம் போகக்கூடிய இடங்கள் ஐந்துதான்: தரை, நெஞ்சு, வயிறு, இடுப்பு, தொடை. ஒரு தொடை எலும்பு உடைந்தாலே ஒரு லிட்டருக்கு மேல் சதைக்குள் தேங்கும். இடுப்பெலும்பு வளையம் உடைந்தால் அதைவிட அதிகம். லாரி ஏறி இறங்கியவர், பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டவர், மாடியிலிருந்து விழுந்தவர் இடுப்பில் வலிக்கிறது என்றால் அசைத்துப் பார்க்காதீர்கள். வேட்டியையோ போர்வையையோ ஒரு சாண் அகலத்துக்கு மடித்து அடியில் நுழைத்துச் சுற்றிக் கட்டலாம். எங்கே கட்டுவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். பெல்ட் போடும் இடம் உயரம். இடுப்புக்குக் கீழே, தொடையின் வெளிப்பக்கத்தில் கையால் தடவினால் ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். இரண்டு பக்க மேட்டையும் மூடியபடி கட்டு விழ வேண்டும். முழங்கால்கள் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு. இவ்வளவுதான். இதற்கென்று விற்கும் பட்டை செய்கிற வேலையில் பெரும்பகுதியை ஒரு வேட்டி செய்துவிடும்.

நான் படித்த காலத்தில் ரத்தம் போனவருக்கு லிட்டர் லிட்டராக சலைன் ஏற்றினோம். இப்போது அப்படிச் செய்வதில்லை. சலைன் ரத்தத்தை நீர்க்கச் செய்யும், உறையும் தன்மையைக் கெடுக்கும், உடலைக் குளிரவைக்கும். குளிர்ந்த உடலில் ரத்தம் உறையாது, உறையாததால் இன்னும் வடியும், வடிய வடிய உடல் இன்னும் குளிரும். அதனால் சித்திரை வெயிலிலும் அடிபட்டவரைப் போர்த்துங்கள் என்கிறேன். ஓட்டையை அடைக்கிற வரை, தலைக்காயம் இல்லாதவருக்கு, அளவாகத்தான் திரவம் கொடுக்கிறோம். அவருக்கு வேண்டியது ரத்தம். அது கடையில் கிடைக்காது. உங்களில் யாரோ முந்தின வாரம் கொடுத்ததுதான் இன்றிரவு ஏற்றப்படும்.

ரத்தப்போக்குக்கு ஒரு மருந்து இருக்கிறது. டிரனெக்சாமிக் அமிலம். ஜப்பானின் உதாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகே ஒகமோட்டோவும் 1960களில் உலகுக்கு அளித்தது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கில் பெண்கள் இறப்பதைத் தடுக்க வேண்டும் என்பது அந்த அம்மையாரின் விருப்பம். விலை குறைவு. அடிபட்டவர்களிடம் இது உதவுமா என்று 40 நாடுகளில் 274 மருத்துவமனைகளில் 20,211 பேரிடம் சோதித்து, முடிவை 2010இல் வெளியிட்டார்கள். இந்தியாவும் அதில் பங்கெடுத்தது. மருந்து உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் ஒரு நிபந்தனை: அடிபட்ட முதல் மணி நேரத்தில் பலன் மிக அதிகம், மூன்று மணி நேரம் தாண்டிக் கொடுத்தால் நன்மைக்குப் பதில் கேடு செய்யலாம். ஆகவே விபத்து எத்தனை மணிக்கு நடந்தது என்று நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும்போது சலித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பதிலை வைத்துத்தான் ஊசியைப் போடலாமா கூடாதா என்று முடிவெடுக்கிறோம்.

அடுத்தது தலைக்காயம். என் பணியில் என்னை அதிகம் கோபப்படுத்திய ஒரு வாக்கியம் உண்டு: "குடிச்சிருக்கான் சார், விடுங்க, தெளிஞ்சிடும்." குடித்தவருக்கும் தலையில் அடிபடும். உளறல், வாந்தி, தள்ளாட்டம், முரட்டுத்தனம் எல்லாம் மூளைக்கு மேலே ரத்தம் கட்டினாலும் வரும். அடிபட்டதும் மயங்கி, எழுந்து உட்கார்ந்து, டீ குடித்து, வீட்டுக்குப் போய்ப் படுத்து, விடியும்போது எழாமல் போனவர்களை இந்தச் சாலை பார்த்திருக்கிறது. மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் மெல்லத் தேங்குகிற அந்த இடைவெளி நேரத்தில் அவர் நன்றாகத்தான் பேசுவார். நேரத்தோடு துளையிட்டு ரத்தத்தை எடுத்துவிட்டால் பழையபடி வேலைக்குப் போகக்கூடியவர் அவர். சர்க்கரையைப் பரிசோதித்து, சி.டி. ஸ்கேன் பார்த்து, எல்லாம் சரி என்ற பிறகுதான் குடிமேல் பழியைப் போட வேண்டும்.

நினைவை அளக்க கிளாஸ்கோ நகரின் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னெட்டும் 1974இல் ஓர் அளவுகோல் கொடுத்தார்கள். கண்ணைத் திறக்கிறாரா, பேசுகிறாரா, சொன்னபடி கைகாலை அசைக்கிறாரா என்ற மூன்றுக்கும் மதிப்பெண். முழு நினைவுக்கு 15, மிகக் குறைந்தது 3. எட்டும் அதற்குக் கீழும் என்றால் தன் மூச்சுப்பாதையைத் தானே காத்துக்கொள்ள முடியாதவர் என்று கொள்கிறோம். ஒருமுறை எடுத்த மதிப்பெண்ணைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே எங்களுக்கு முக்கியம். நீங்கள் மதிப்பெண் போட வேண்டாம். "முதலில் பேரைச் சொன்னார், இப்போது சொல்லவில்லை" என்று ஆம்புலன்ஸ்காரரிடம் சொன்னாலே போதும்.

தொழிற்பேட்டை ஊரில் பேசுகிறேன், பிரஸ் மெஷினில் விரல் போகிற கதை உங்களுக்குத் தெரியும். துண்டான விரலை நேராக ஐஸில் போட்டுக் கொண்டுவந்தால் திசு உறைந்து கெட்டுவிடும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்து எடுத்து வாருங்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைத் துறை இந்த வேலையில் பெயர்பெற்றது. சிதைந்த கால் விஷயத்திலும் தமிழ்நாடு உலகுக்கு ஒன்று கொடுத்திருக்கிறது. காலைக் காப்பாற்றலாமா, எடுப்பதா என்று முடிவெடுக்க, கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழு ஒரு மதிப்பெண் முறையை 2006இல் வெளியிட்டது. தோல், எலும்பு, தசை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண். 14 வரை என்றால் காப்பாற்றப் பார்க்கலாம், 17ம் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் எடுத்துவிடுவதே நல்லது, நடுவில் இருப்பவருக்கு அனுபவமுள்ள மருத்துவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். ஓர் உழைப்பாளியின் கால் ஒரு மருத்துவரின் அன்றைய மனநிலையைப் பொறுத்துப் போய்விடக் கூடாது என்கிற அக்கறை அதில் தெரிகிறது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டும், அதற்குப் பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று விதித்தது. உங்கள் ஷாப் ஃப்ளோரில் அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது? நைட் ஷிப்டில் அவர் இருக்கிறாரா? நாளைக்குப் போனதும் கேளுங்கள். சாலையிலும் இதே குறைதான். லைசென்ஸ் வாங்க எட்டுப் போடச் சொல்கிறோம். ஒரு கையில் ஓடும் ரத்தத்தை நிறுத்தக் கற்றுக்கொடுத்துவிட்டு லைசென்ஸ் கொடுப்பதில்லை. கொடுக்க வேண்டும் என்று அரசிடம் உரக்கக் கேட்க வேண்டிய காலம் இது.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதற்கு முன்பு அடிபட்டவர் போலீஸ் ஜீப்பிலும், கிடைத்த டெம்போவிலும், ஆட்டோவில் காலை வெளியே நீட்டிக்கொண்டும்தான் வந்து சேர்ந்தார். இன்று வண்டியில் ஒரு மருத்துவ உதவியாளர் வருகிறார், ஆக்சிஜன் இருக்கிறது, கழுத்துப் பட்டை இருக்கிறது. ஓட்டுநரைப் பைலட் என்றே அழைக்கிறார்கள். அவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, இடத்தைச் சரியாகச் சொல்வது. "மறைமலை நகர்கிட்ட" என்றால் அது எட்டு திசையிலும் இருக்கலாம். தாம்பரம் போகிற பக்கமா, செங்கல்பட்டு போகிற பக்கமா என்று முதலில் சொல்லுங்கள். நடுவில் தடுப்புச்சுவர் இருக்கிற சாலையில் பக்கம் மாறிவிட்டால் வண்டி யு-டர்ன் தேடிப் போய்த் திரும்ப வேண்டும், பொன்னான நிமிடங்கள் போய்விடும். ரயில் பாதைக்குக் கிழக்கா மேற்கா, எந்த கம்பெனி வாசல், எந்தப் பாலத்தின் மேலே அல்லது கீழே, எத்தனை பேர், வண்டிக்குள் யாராவது சிக்கியிருக்கிறார்களா, பெட்ரோல் ஒழுகுகிறதா, இவ்வளவும் அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஒருவர் போனில் இருக்கட்டும், இன்னொருவர் முன்னால் போய் நின்று வருகிற வண்டிகளை ஒதுக்கட்டும். முதல் விபத்தைப் பார்க்க நின்றவர்களை இரண்டாவது வண்டி அடித்துப்போட்ட இடங்கள் இந்தச் சாலையில் உண்டு.

வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடலாமா என்று கேட்பீர்கள். வண்டி தீப்பிடித்தாலோ, தண்ணீரில் மூழ்கினாலோ இழுத்து வெளியே போட்டே ஆக வேண்டும், கழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மற்றபடி ஆம்புலன்ஸ் வருகிறது என்று தெரிந்தால் ரத்தத்தை நிறுத்தி, மூச்சைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருங்கள். வராது, வர நேரமாகும் என்றால் சமதளமான பலகையிலோ கதவிலோ படுக்கவைத்து, சரக்கு ஆட்டோவில் ஏற்றுங்கள். கையை ஒருவர், காலை ஒருவர் பிடித்துத் தொங்கவிட்டுத் தூக்குவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். முதுகெலும்பு உடைந்திருந்தால் அந்த ஒரு தூக்கில் கால்கள் வாழ்நாளுக்கும் போய்விடும்.

எங்கே கொண்டுபோவது என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி. அருகில் இருக்கிற ஆஸ்பத்திரியில் நிறுத்தி, அங்கே ஸ்கேன் இல்லை, சர்ஜன் இல்லை என்று மறுபடி ஏற்றி இறக்கினால் முதல் மணி நேரம் போய்விடும். தெற்கே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காட்டாங்குளத்தூரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வடக்கே போனால் தாம்பரமும் அதற்கப்பால் சென்னையும். 108 உதவியாளர் அங்கேதான் போவேன் என்றால் அவரோடு சண்டை போடாதீர்கள், எங்கே எது இருக்கிறது என்று தெரிந்துதான் சொல்கிறார். தமிழ்நாடு அரசின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில் ஆம்புலன்ஸ் வந்து சேருவதற்கு முன்பே மருத்துவமனைக்குத் தகவல் போகும் ஏற்பாடு இருக்கிறது. வந்ததும் ஆபத்தின் அளவைப் பொறுத்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். பச்சைக்குரியவரின் உறவினர் முன்னால் வந்துவிட்டோம் என்று கோபப்படுவார். அவருக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு பிள்ளை இருக்கிறது என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்வதும் எங்கள் வேலையே.

பணமும் போலீஸும் இன்னும் மக்களைத் தடுக்கின்றன. எந்த மருத்துவரும், அரசோ தனியாரோ, காவல்துறை நடைமுறைக்காகக் காத்திராமல் உயிர்காக்கும் சிகிச்சை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989லேயே சொல்லிவிட்டது. உதவியவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற வழிமுறைகளுக்கு அதே நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று சட்ட வலிமை கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. நீங்கள் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் பெயரைக்கூடச் சொல்லாமல் போகலாம். ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேடு எழுதுவது எங்கள் பொறுப்பு, அதில் உங்களைச் சிக்கவைக்க முடியாது. 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று இதே மாவட்டத்தில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில், தொடங்கியபோது ஒரு லட்சம் ரூபாய் வரை அரசு ஏற்றது. வடநாட்டிலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் தொழிலாளிக்கும் இது பொருந்தும். உங்கள் பக்கத்து அறையில் தங்கியிருக்கும் இந்தி பேசுகிற தம்பிக்கு இதைச் சொல்லிவையுங்கள், அவருக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை. 2025 மே மாதத்தில் மத்திய அரசும் ஏழு நாட்கள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, கட்டணமில்லாச் சிகிச்சைக்கு ஒரு திட்டம் அறிவித்திருக்கிறது.

சரி, இனி கையால் செய்து பார்க்கலாம். முன்னால் விரிப்பு போட்டிருக்கிறது, மூன்று ஹெல்மெட் இருக்கிறது, வேட்டி, துண்டு, ஸ்பானர் எல்லாம் இருக்கிறது. முதலில் ஹெல்மெட். நன்றாக மூச்சு விடுகிறவரின் ஹெல்மெட்டைத் தொடாதீர்கள், முகக் கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிடுங்கள். மூச்சு தடைபட்டால்தான் கழற்ற வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பக்கவாட்டில் இருந்து ஒரு கையைத் தாடையிலும் மறு கையைப் பிடரிக்கு அடியிலும் கொடுத்துக் கழுத்தைத் தாங்க வேண்டும். மற்றவர் தலைமாட்டில் இருந்து பட்டையை அவிழ்த்து, ஹெல்மெட்டின் இரு பக்கத்தையும் விரித்து, மூக்கில் மோதாமல் சற்றே சாய்த்து மெதுவாக உருவ வேண்டும். உருவ உருவக் கழுத்தைத் தாங்குகிறவரின் கை பிடரியிலிருந்து மேலே நகர வேண்டும். முழுவதும் கழன்றதும் தலை தொப்பென்று விழக்கூடாது. முன் வரிசையில் இருக்கிற தம்பி, நீங்கள் வந்து படுங்கள். அம்மா, நீங்கள் கழுத்தைப் பிடியுங்கள். இன்னொருவர் தலைமாட்டுக்கு வாருங்கள். மற்றவர்கள் சுற்றி நின்று, எங்கே கை நழுவுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.